புது பிரவுசருக்குக் குடிபோகும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. வருகைப் பதிவு, மதிப்பெண், சுற்றறிக்கை என்று பள்ளி வேலையில் பாதி இப்போது அவருடைய மடிக்கணினியில்தான் நடக்கிறது. ஆறு வருஷமாக ஒரே பிரவுசரில் இருந்தவர், அன்று காலை புதிதாக ஃபயர்பாக்ஸை இறக்கி நிறுவியிருந்தார். "பறக்குதுடா! இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றார். அன்று மாலை அவரே, "என்னமோ கைக்கு ஒட்டவே மாட்டேங்குதுடா. பழசுக்கே போயிடட்டுமா?" என்று கேட்டார்.

காலையில் சொன்னதும் பொய்யில்லை, மாலையில் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இரண்டில் எதுவும் அந்தப் பிரவுசரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. புது பிரவுசரை முதல்முறை திறக்கும்போது கண்ணில் படுவது வேகமும் தோற்றமும். கேட்க வேண்டிய கேள்விகளோ வேறு மூன்று. உள்ளே ஓடும் இன்ஜின் எது? நான் போகிற இடங்களை யார் கவனிக்கிறார்கள்? பிடிக்காவிட்டால் என் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? அக்காவோடு உட்கார்ந்து அன்று பார்த்ததை வைத்தே இவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் வேகம் எங்கிருந்து வருகிறது?

புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று கூடம் எவ்வளவு விசாலமாகத் தெரியும்! பீரோவும் கட்டிலும் வந்து இறங்கிய பிறகுதான் அசல் அளவு தெரியும். புது பிரவுசரின் வேகத்திலும் பெரும்பகுதி இந்தக் காலி வீட்டின் விசாலம்தான்.

அக்காவின் பழைய பிரவுசரைத் திறந்து எண்ணிப் பார்த்தோம். 43 டேப்கள் திறந்திருந்தன. 11 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. பிடிஎஃப் மாற்ற ஒன்று, கூப்பன் தேட ஒன்று, எதற்கென்றே அவருக்கு நினைவில்லாதவை நாலு. எக்ஸ்டென்ஷன்களில் பல, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் நுழைந்து தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் விடும். இந்தச் சுமை எதுவும் இல்லாத புது பிரவுசர் ஓடத்தான் செய்யும்.

இதற்கு நேர்மாறான விஷயமும் ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கடி போகும் தளங்களின் படங்கள், எழுத்துருக்கள், நிரல் துண்டுகள் ஆகியவற்றைப் பிரவுசர் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். 'கேஷ்' என்பது இதைத்தான். புது பிரவுசரில் கேஷ் காலி. அதனால் முதல்முறை ஒரு தளத்தைத் திறக்கும்போது எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். முதல்முறை மெதுவாக வந்த பக்கம் இரண்டாம் முறை சட்டென்று வந்தால் காரணம் இதுதான். இரண்டு மூன்று நாள் பழகாமல் 'மெதுவாக இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது.

நியாயமாக ஒப்பிட ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய பிரவுசரிலும் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதுவும் காலி வீடாகிவிடும். நீங்கள் தினமும் போகும் ஐந்து தளங்களை இரண்டிலும் திறந்து பாருங்கள். அக்காவின் கணினியில் இப்படிச் செய்தபோது, காலையில் 'பறந்த' வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. அக்கா பழைய பிரவுசரில் ஏழு எக்ஸ்டென்ஷன்களை அங்கேயே நீக்கினார். வேகம் மட்டும்தான் உங்கள் குறை என்றால், மாற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

'ரேமைத் தின்கிறது' என்ற புகாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுன்' என்ற பாதுகாப்பு ஓட்டைகள் பிராசசர்களிலேயே இருப்பது தெரியவந்தது. ஒரு டேப்பில் இருக்கும் விஷமத்தனமான பக்கம், இன்னொரு டேப்பில் திறந்திருக்கும் உங்கள் வங்கிக் கணக்கின் தகவலைத் திருடிவிடக்கூடும் என்ற நிலை. அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டி ஓட்டும் முறை வந்தது. கணினிகளுக்கான குரோமில் 2018லும், ஃபயர்பாக்ஸில் 2021லும் இது பரவலாக நடைமுறைக்கு வந்தது. அறைகள் கூடினால் இடம் கூடுதலாகத்தான் பிடிக்கும். பிரவுசர் எடுத்துக்கொள்ளும் ரேமில் ஒரு பங்கு உங்கள் பாதுகாப்புக்கான செலவு.

பெயர் பலகை வேறு, இன்ஜின் ஒன்று

ஒரு தளம் உங்கள் கணினிக்கு அனுப்புவது வெறும் குறிப்புகள். 'இங்கே தலைப்பு, இங்கே படம், இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கட்டும்' என்ற அந்தக் குறிப்புகளைப் படித்துத் திரையில் பக்கமாக வரைவது பிரவுசரின் இன்ஜின். சந்தையில் பிரவுசர்கள் பல இருந்தாலும், பெருவாரியான மக்கள் பயன்படுத்தும் இன்ஜின்கள் மூன்றுதான்.

முதலாவது கூகுளின் பிளிங்க். குரோம், மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகிய எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது இதுதான். கூகுள் வெளிப்படையாக வைத்திருக்கும் குரோமியம் என்ற மூலநிரலை எடுத்து, அதன்மேல் ஒவ்வொருவரும் தங்கள் பிரவுசரைக் கட்டியிருக்கிறார்கள். ஓபரா 2013லும், எட்ஜ் 2020லும் தங்கள் சொந்த இன்ஜினைக் கைவிட்டு இதற்கு மாறின. இரண்டாவது ஆப்பிளின் வெப்கிட், சஃபாரிக்கானது. மூன்றாவது மொசில்லாவின் கெக்கோ. ஃபயர்பாக்ஸ் இதில் ஓடுகிறது.

ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்கோ பிரேவுக்கோ மாறினால் முகப்பும், வசதிகளும், உங்கள் தகவலை நடத்தும் விதமும் மாறும். இன்ஜின் மாறாது. ஐபோனில் இன்னொரு விசேஷம். அங்கே எந்தப் பிரவுசரை நிறுவினாலும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் நெடுநாள் விதி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இதைத் தளர்த்தினார்கள். இந்தியாவில் ஐபோனில் ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர் பார்ப்பது வெப்கிட் வரைந்த பக்கத்தைத்தான்.

பிரவுசர்களின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோது கூகுளில் அந்தப் பொறுப்பை முன்னின்று நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2023 மே மாதத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் தன் பிரவுசரை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் 'உலா'. இதுவும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதுதான். விளம்பரக் கண்காணிப்பைத் தடுப்பதை முன்னிறுத்துகிறது. அலுவலகம், சொந்த வேலை, குழந்தைகள் என்று தனித்தனிப் பயன்பாட்டு முறைகளும் அதில் உண்டு.

உலா போகும்போது யார் பார்க்கிறார்கள்?

பிரவுசருக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் உலாவி. உலா என்ற பெயரில் ஒரு சிற்றிலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. தலைவன் வீதியில் உலா வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்ப்பார்கள். உலா வருவது ஒருவன், பார்க்கும் கண்கள் பல. இணையத்தில் நாம் போகும் உலாவும் இப்படித்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள குக்கி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் உங்கள் செருப்பு எது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். குக்கி அப்படி ஒரு டோக்கன். 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். மின்னஞ்சலில் ஒருமுறை உள்நுழைந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது குக்கியால்தான். இதுவரை நல்ல விஷயம்.

இப்போது ஊரில் உள்ள எல்லாக் கோயில் வாசலிலும் ஒரே ஆள் செருப்புக் கடை போட்டிருக்கிறார், எங்கே போனாலும் உங்களுக்கு அதே எண் டோக்கன்தான் என்று வையுங்கள். காலையில் எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், சாயங்காலம் எங்கே போனீர்கள் என்பதெல்லாம் அவர் நோட்டில் ஏறிவிடும். செய்தித் தளம், துணிக்கடைத் தளம், மருத்துவத் தகவல் தளம் என்று எங்கும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் உட்கார்ந்திருந்தால் நடப்பது இதுதான். மூன்றாம் தரப்புக் குக்கி என்று இதைச் சொல்கிறார்கள்.

பிரவுசர்கள் ஒன்றுக்கொன்று உண்மையில் வேறுபடும் இடம் இது. சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ், 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா வைத்துக் குக்கிகளை அதில் அடைத்துவிடுகிறது. செருப்புக் கடைக்காரர் ஒரே ஆளாக இருந்தாலும் கோயிலுக்குக் கோயில் உங்கள் டோக்கன் எண் வேறாகிவிடும். கூகுள் 2020ல், இரண்டு வருஷத்தில் குரோமிலிருந்து இவற்றை நீக்குவதாக அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அக்கா ஒரு சமையல் பக்கத்தைத் திறந்தார். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டைக்கு இடது ஓரத்தில் சின்னதாக ஒரு கேடயம் இருக்கும். அதைத் தட்டச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் தடுக்கப்பட்டவை என்று பட்டியல் விரிந்தது. சமூக வலைத்தளங்களின் கண்காணிப்பு, தளம் விட்டுத் தளம் தொடரும் குக்கி என்று வகை வகையாக இருந்தன. வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பார்க்கத்தான் அக்கா அந்தப் பக்கத்துக்குப் போனார். அந்தப் பட்டியலைக் கீழ்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேரா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றை மறக்கக் கூடாது. கேடயம் எல்லாவற்றையும் மறைக்காது. ஒரு சேவையில் உங்கள் கணக்கில் உள்நுழைந்துவிட்டால், அங்கே நீங்கள் செய்வது அவர்களுக்குத் தெரியும். தனிப்பட்ட சாளரம், இன்காக்னிட்டோ என்பவை உங்கள் கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும். இணைய இணைப்பு தருபவரிடமிருந்தோ அலுவலக நெட்வொர்க்கிலிருந்தோ உங்களை ஒளித்து வைக்காது.

அழுத்தினாலும் நகராத பொத்தான்

மாலையில் அக்காவின் சலிப்புக்குப் பாதிக் காரணம் ஒரு பொத்தான். மதிப்பெண் பதிவேற்றும் ஒரு தளத்தில் 40 மாணவர்களின் மதிப்பெண்ணை நிரப்பிவிட்டு 'சமர்ப்பி' என்று அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பழைய பிரவுசரில் அதே வேலை முடிந்தது. பழி புது பிரவுசர் மேல் விழுந்தது.

சில தளங்களை ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். பொதுவான இணையத் தரத்தின்படி எழுதாமல், அந்த ஒன்றில் ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த நோய் புதிதல்ல. 2001ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபோது கிட்டத்தட்ட எல்லோர் கணினியிலும் அதுதான் இருந்தது. போட்டி இல்லாததால் அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. அந்த ஐந்து வருஷங்களில் 'இந்தத் தளத்தை எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்ற வாசகம் எங்கும் தொங்கியது. நெட்ஸ்கேப் 1998ல் திறந்துவிட்ட மூலநிரலிலிருந்து வளர்ந்து, 2004 நவம்பர் 9 அன்று வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 1.0 தான் அந்தத் தேக்கத்தை உடைக்கத் தொடங்கியது. ஒரே இன்ஜின் எங்கும் நிறைந்துவிட்டால் அதன் விருப்பமே இணையத்தின் விதி ஆகிவிடும். இன்னொரு இன்ஜினைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தளம் கட்டுபவர்களுக்கு 'எங்களையும் நினைவில் வையுங்கள்' என்று சொல்கிறார்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்.

உடனடி வைத்தியமும் உண்டு. கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். தடுப்புதான் காரணம் என்றால் பக்கம் சரியாகிவிடும். சரியாகவில்லையா, ஃபயர்பாக்ஸின் மெனுவிலேயே பழுதான தளத்தைப் பற்றிப் புகார் சொல்லும் வசதி இருக்கிறது. அதில் தெரிவித்துவிட்டு, அந்த ஒரு வேலையை மட்டும் பழைய பிரவுசரில் முடியுங்கள். இரண்டு பிரவுசர் வைத்திருப்பதில் தவறே இல்லை.

சாமான்களை ஏற்றி இறக்குவது

புக்மார்க்குகளை மாற்றுவது சுலபம். முதல்முறை திறக்கும்போதே, பழைய பிரவுசரிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். கவனம் தேவைப்படுவது கடவுச்சொற்களில்தான்.

நேரடியாக மாறாவிட்டால், பழைய பிரவுசரின் கடவுச்சொல் பகுதியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பில் உங்கள் கடவுச்சொற்கள் அத்தனையும் பூட்டு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்த கையோடு அதை அழியுங்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அதை அனுப்பவே வேண்டாம். ஒரே கணினியை வீட்டில் பலர் பயன்படுத்தினால், ஃபயர்பாக்ஸில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் சேமித்த மற்றவற்றைத் திறக்க முடியாது.

இதே வேலையைத் தலைகீழாகவும் ஒருமுறை பாருங்கள். புது பிரவுசரிலிருந்து புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் வெளியே எடுக்க வழி இருக்கிறதா? குடிபோகும் முன் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா என்று வீட்டுக்காரரைக் கேட்பதில்லையா, அது மாதிரி.

கை பழகும் வரை

அக்காவின் சலிப்பில் மறுபாதி விரல்களின் சலிப்பு. குரோமிலும் எட்ஜிலும் தனிப்பட்ட சாளரம் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், என் என்று அழுத்த வேண்டும். ஃபயர்பாக்ஸில் கடைசி எழுத்து பி. குரோம் பழக்கத்தில் என் அழுத்தினால், முன்பு மூடிய சாளரம் திரும்ப வந்து நிற்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

பழகும்போது சில நல்ல வசதிகளும் தென்படும். அக்காவுக்கு மிகவும் பிடித்தது ரீடர் வியூ. முகவரிப் பட்டையில் ஒரு தாள் போன்ற சின்னம் தெரிந்தால் அதைத் தட்டுங்கள், விண்டோஸில் எஃப்9 விசையும் போதும். விளம்பரமும் பக்கவாட்டுக் குப்பையும் மறைந்து, கட்டுரை மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுப் படிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மெனுக்களைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். அந்த மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களின் உழைப்பு.

யார் காசில் நடக்கிறது?

எந்தப் பிரவுசருக்கும் நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால் யாரோ கொடுக்கிறார்கள். ஃபயர்பாக்ஸை நடத்துவது லாப நோக்கமற்ற மொசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம். அதன் வருமானத்தில் பெரும்பங்கு, தேடுபொறியாகத் தன்னை முன்வைப்பதற்காக கூகுள் தரும் பணம். இதே காரணத்துக்காக 2022ல் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் தெரியவந்தது. 2025 பிப்ரவரியில் மொசில்லா ஃபயர்பாக்ஸுக்கு முதன்முறையாகப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தபோது பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியதால், அவற்றின் வாசகத்தைத் திருத்தி எழுதியது. எந்த நிறுவனத்தையும் கண்மூடி நம்ப வேண்டாம், அமைப்புகளை அவ்வப்போது திறந்து பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கொடுங்கள்

நீங்களும் முயன்று பார்க்க நினைத்தால் இந்த வரிசையில் செய்யலாம்.

1. நிறுவுங்கள். பழையதை நீக்காதீர்கள். புக்மார்க்குகளை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

2. முதல் மூன்று நாள் எந்த எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். பிறகு உண்மையாகவே தேவைப்படுவதை மட்டும் சேருங்கள்.

3. உங்கள் அன்றாட வேலைகளில் முக்கியமான ஐந்தை எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், மின்கட்டணம், தமிழில் தட்டச்சு, ஒரு படிவத்தை அச்செடுப்பது என்று.

4. தனியுரிமை அமைப்புகளை ஒருமுறை முழுவதும் படியுங்கள். கேடயத்தைத் தட்டிப் பாருங்கள்.

5. ஏழாம் நாள் முடிவெடுங்கள். பிடித்திருந்தால் கடவுச்சொற்களையும் மாற்றி, அதையே இயல்புநிலைப் பிரவுசராக வையுங்கள்.

அக்கா அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தார். மதிப்பெண் பதிவேற்ற மட்டும் பழையதைத் திறக்கிறார். மற்றதெல்லாம் புதியதில்தான். போன வாரம் போனில் பேசும்போது வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தக் கேடயத்தை எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தட்டிக் காட்டிட்டேன்டா" என்றார்.